மறைவில் மடை திறக்கும் கை

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகருக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் பாலவனத்தம். வானம் பார்த்த கரிசல் நாடு. ஐப்பசி, கார்த்திகையில் பொழியும் மழையைக் கண்மாயில் தேக்கி, மடைவழியே அளந்து விட்டு, அடுத்த மழை வரையில் உயிரைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்த மண். மடையைத் திறக்கவும் அடைக்கவும் உரியவர் நீர்பாய்ச்சி. ஆயக்கட்டு உழவர்கள் கூடி அவரை அமர்த்துவர். விளைச்சலில் அவருக்குப் பங்கு அளப்பர். முறை தவறினால் ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேட்பர். அவர் கை ஊரறிந்த கை.

சில இரவுகளில் மடை மறைவில் திறக்கப்படும். விடியும்போது கண்மாயில் நீர் இறங்கியிருக்கும். திறந்தவரைக் கண்டவர் எவரும் இரார். விவரம் அறிந்த உழவர் அப்போது ஆளைத் தேடிப் போவதில்லை. வாய்க்காலோடு நடந்து, முறை வராத எந்த வயலில் ஈரம் நிற்கிறது என்று பார்ப்பார்.

அரசாட்சியின் மடைகளிலும் இவ்விரு வகைக் கைகள் உண்டு. மக்கள் வாக்களித்து அமர்த்திய கை ஒன்று. எவரும் வாக்களிக்காமலே, பதவிப் பெயரோ கையொப்பமோ இன்றி, ஆணைகளை வளைக்கும் கை மற்றொன்று. உறவினர், நண்பர், பெருவணிகர், சாதித் தலைவர், இடைத்தரகர் என அதற்கு முகங்கள் பல. சில வேளைகளில், மக்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் அரசமைப்பே அமர்த்திவைத்த பதவியாளரின் கையாகவும் அஃது இருக்கும். அக்கையைச் சட்டத்தால் தடுக்க இயலுமா? இயலுமெனில் எவ்வெவ் வழிகளில்? இக்கட்டுரை ஆராயும் பொருள் இதுவே.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அறிவியல் எவ்வாறு பிடிக்கிறது என்பதற்கு வானியலில் ஒரு சான்று உண்டு. 1781-இல் வில்லியம் எர்செல் கண்டறிந்த யுரேனசுக் கோள், கணித்த தடத்திலிருந்து சிறிது விலகியே சென்றுகொண்டிருந்தது. பிரெஞ்சு அறிஞர் இலெவெரியே அவ்விலகலை ஆராய்ந்தார். புலப்படாத வேறொரு கோள் அதனை ஈர்க்கிறது என்று முடிவு செய்து, அக்கோள் நிற்க வேண்டிய இடத்தையும் கணித்தார். 1846 செப்டம்பர் 23-ஆம் நாள் இரவு, பெர்லினில் யோகான் காலே தொலைநோக்கியை அத்திசையில் திருப்பினார். கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. தடத்தை முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தமையால்தான் அந்தப் பிறழ்வு புலப்பட்டது. ஆட்சிக்கு அவ்வாறு தடம் வரைந்து தருவது சட்டம். இன்ன முடிவை இன்னார், இன்ன காலத்துக்குள், இன்ன காரணம் காட்டி எடுக்க வேண்டும் என்று அது முன்னரே சொல்லி வைக்கிறது. அத்தடம் எங்கே கோணுகிறதோ அங்கே மறைவான ஈர்ப்பு ஒன்று இருக்கிறது எனக் கொள்ளலாம்.

பாலவனத்தத்திற்கு இப்பொருளோடு தனித்த உறவு ஒன்று உண்டு. 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர்ச் சமீனுக்கு உரியவர். 1867 முதல் 1911 வரை வாழ்ந்த அப்பெருமகனார், வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்குத் தலைவராக இருந்து பொருளும் ஈந்தவர். தமிழுக்கு அவர் செய்த தொண்டை நன்றியோடு நினைக்கிறேன். ஆயினும் சமீன் ஆட்சி குடிகள் தேர்ந்தெடுத்த ஆட்சி ஆகாது. வரி தண்டுபவர் யார், நிலத்துக்கு உரியவர் யார் என்பதெல்லாம் குடிகளுக்கு நன்கு தெரியும். தெரிந்தும் நீக்க வழி இராது. 1948-ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. பின்னர் வந்த மக்களாட்சியில் நிலைமை புரண்டது. ஆள்பவரை நீக்கும் உரிமை குடிகளின் கைக்கு வந்தது. உண்மையில் ஆள்பவர் யாரென்று காணும் வாய்ப்போ பல இடங்களில் கைநழுவியது.

இச்சிக்கலைப் பழந்தமிழர் அறியாதவர் அல்லர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பதோடு அவை நிற்கவில்லை. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றன. விலக்கப்பட்டவர் தம் உறவினர் வழியே மீண்டும் உள்ளே வரக்கூடும் என்று அஞ்சிய சட்டமாகவே நான் அதனைப் படிக்கிறேன். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட பாண்டிநாட்டு மானூர்க் கல்வெட்டு, எதை முன்மொழிந்தாலும் மறுத்தே நிற்பவர்க்கும் அவர்க்குத் துணை நிற்பவர்க்கும் 5 காசு தண்டம் விதிக்கிறது. துணை நிற்பவரையும் சேர்த்தது நுண்ணிய செயல். இச்சபைகளில் நிலமுடைய ஒரு பிரிவினர்க்கே இடம் இருந்தது என்பதை மறைத்து இவற்றைப் போற்றலாகாது. எனினும் பின்னின்று இயக்கும் கையைப் பற்றிய அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இவை சான்று.

நம் காலத்திற்கு வருவோம். 73-ஆம் அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. 1996-இல் தேர்தல் வந்தபோது, தலைவர் பதவி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட நான்கு ஊராட்சிகளில், வலிமை பெற்றிருந்த சாதியினர் அதனை ஏற்க மறுத்தனர். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியன மூன்று. நான்காவது நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல். எவரும் வேட்புமனு இடாதபடி பார்த்துக்கொள்வது அங்கே ஒரு வழி. தம் சொற்படி நடக்கும் ஒருவரை நிறுத்தி, வெல்ல வைத்து, வென்ற கையோடு விலகல் கடிதம் எழுதி வாங்கிக்கொள்வது மற்றொரு வழி. தேர்தல் ஆணையம் தேர்தலை அறிவிக்கும், அலுவலர் வருவர், வாக்குப்பெட்டி வரும், முடிவும் வரும். தலைவர் நாற்காலி மட்டும் வெறுமையாகவே கிடக்கும். பத்தாண்டுகள் இந்நிலை நீடித்தது. 2006 அக்டோபரில்தான், அரசும் மாவட்ட ஆட்சியரும் முனைந்து நின்றமையால், அந்நான்கு ஊர்களிலும் தலைவர்கள் தேர்வாகிப் பொறுப்பில் நீடித்தனர். இடையில், மேலூரை அடுத்த மேலவளவில், தேர்தலில் வென்று பொறுப்பேற்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 சூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரத்தின் மேல் தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரம் எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று நம் பக்கத்தில் இல்லை.

இத்தீமையைச் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதே நமக்கு வேண்டுவது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், வாக்களிப்பதில் அச்சுறுத்துவதை முன்பே குற்றமாக்கியிருந்தது. நாற்காலியில் அமர்ந்தவரைப் பணி செய்யவிடாமல் தடுப்பதற்கு அதில் நேரான பெயர் இல்லை. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையை நீக்கியது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களில் ஒருவரை வேட்புமனு இடாதே என்று தடுப்பதும், இட்டதைத் திரும்பப் பெறச் செய்வதும், ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருப்பவரை மிரட்டி அவருடைய வழக்கமான பணிகளைச் செய்யவிடாமல் இடையூறு செய்வதும் தனித்தனிக் குற்றங்கள் ஆயின. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. இச்சட்டப் பிரிவின் சிறப்பு ஒன்று உண்டு: குற்றம் செய்பவர் எந்தப் பதவியிலும் இருக்க வேண்டியதில்லை. பதவியில்லாக் கையையே நேராகப் பற்றும் சட்டங்கள் நம் நாட்டில் மிகச் சில. அவற்றுள் இது தலையாயது எனத் துணிந்து சொல்வேன்.

வீட்டுக்குள்ளிருந்து நீளும் கை இன்னொன்று. தமிழ்நாடு 2016-இல் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. பெண் தலைவர் ஆன ஊராட்சிகள் பலவற்றில் கணவரோ மகனோ உடன்பிறந்தவரோ கூட்டம் நடத்துவதும் ஒப்பந்தம் பேசுவதும் ஊரார் கண்முன் நிகழ்பவை. வடநாட்டில் இத்தகைய கணவரைக் குறிக்கச் 'சர்பஞ்சு பதி' என்னும் சொல்லே பிறந்துவிட்டது. 2023-இல் இச்சிக்கல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. அதன் தொடர்ச்சியாக ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் குழு ஒன்றை அமைத்தது. கடுந்தண்டம் விதிக்க வேண்டும் என அக்குழு 2025-இல் பரிந்துரைத்தது. தண்டம் யாருக்கு என்பதில் மிகுந்த விழிப்பு வேண்டும். பெண் தலைவரின் பதவியைப் பறிப்பதே தண்டமெனில், ஆட்டுவித்தவர் தப்பித்து, ஆட்டுவிக்கப்பட்டவர் வீழ்வார். அதைவிட, முடிவு பிறக்கும் இடத்தையே காப்பது மேல். தமிழ்நாட்டில் ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். எளிய ஏற்பாடுதான், ஆனால் ஒரு குடும்பத்துக்குள் முடிந்துவிடும் செய்தியை அது வேறொருவர் மேசைக்குக் கொண்டுவருகிறது.

இனி, பெரிய நாற்காலிகளைப் பார்ப்போம். உரிமையின்றி ஒருவர் பொதுப்பதவியில் அமர்ந்திருந்தால், எந்தத் தகுதியால் அமர்ந்தீர் என்று கேட்கும் வழி, அரசமைப்பின் 226-ஆம் உறுப்பில் இருக்கிறது. தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை என்று அதற்குப் பெயர். வழக்கிடுபவர் தமக்கு நேர்ந்த இழப்பை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குடிமகன் என்பதே போதும். 1952-இல் சென்னை மாநிலத்தில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, தேர்தலில் நிற்காத இராசாசியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். பொதுவுடைமைத் தலைவர் பி.இராமமூர்த்தி உயர்நீதிமன்றத்தை நாடினார். வழக்குத் தள்ளுபடியானது. அரை நூற்றாண்டு கழித்து நீதிமன்றத்தின் பார்வை கூர்மை பெற்றது. 2001 ஆகத்து மாதத்தில், சட்டமன்ற உறுப்பினர் அல்லாத ஒருவரை ஆறு மாதத் தவணையில் மீண்டும் அமைச்சராக்கிய பஞ்சாபின் செயல் செல்லாது என்றது உச்சநீதிமன்றம். அடுத்த மாதம், செப்டம்பர் 21-இல், தண்டனைத் தீர்ப்பினால் தேர்தலில் நிற்க இயலாதிருந்த ஜெயலலிதாவை முதலமைச்சராக அமர்த்தியது செல்லாது என ஐந்து நீதியரசர் அமர்வு அறிவித்தது. அவர் பின்னர் மேல்முறையீட்டில் விடுதலை பெற்று, ஆண்டிபட்டியில் வென்று, 2002 மார்ச்சில் முறைப்படி திரும்பினார். தடம் ஒன்றே என்பதை இருமுறையும் சட்டம் காட்டியது.

இப்பேராணையின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. நாற்காலியில் இருப்பவர் யார் என்று அது கேட்கும். நாற்காலியில் இருப்பவர் எவர் சொற்கேட்டு நடக்கிறார் என்று கேட்க அதற்கு வாயில்லை. அமெரிக்காவில் 2025-இல் எழுந்த வழக்குகளும் இவ்விடத்தில்தான் முட்டின. செனட் அவையின் ஒப்புதல் பெறாத பெருஞ்செல்வர் ஈலான் மசுக்கு, அரசு நிறுவனங்களைக் குறைக்கும் பணியை நடத்தினார் என்றும், பதவியமர்த்தல் பற்றிய அரசமைப்பு விதியை இது மீறியது என்றும் சிலர் வழக்கிட்டனர். மேரிலாந்து மாவட்ட நீதிமன்றம் மார்ச்சு 18-இல் அவ்வாதத்தில் வலுவிருப்பதாகக் கண்டு இடைக்கால ஆணை பிறப்பித்தது. பத்து நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. அவர் கையில் இருந்தது ஆணையிடும் அதிகாரமா, அறிவுரை சொல்லும் வாய்ப்பா என்பதே வழக்கின் முடிச்சு. பதவியில்லாக் கைகள் எல்லாமே இந்த 'அறிவுரை' என்னும் போர்வையைத்தான் போர்த்திக்கொள்கின்றன.

இம்முடிச்சை அவிழ்க்க இந்தியச் சட்டத்தில் ஒரு நெறி உண்டு. பொதுமக்கள் பேச்சில் அது அவ்வளவாக அடிபடுவதில்லை. அதனால் இங்குச் சற்று நின்று சொல்கிறேன். பம்பாயில் அந்தேரிப் பகுதியில் திரையரங்கு கட்டக் கோர்தன்தாசு பாஞ்சி என்பவர் இசைவு கேட்டார். இசைவு தரும் அதிகாரம் காவல் ஆணையருக்கு. அவர் இசைவு கொடுத்தார். பின்னர், அரசு பணித்திருப்பதால் இசைவு நீக்கப்படுகிறது என்று கடிதம் அனுப்பினார். 1951-இல் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. நீக்கும் அதிகாரத்தை விதி ஆணையரின் கையில் கொடுத்திருக்கிறது. அவர் தம் அறிவைச் செலுத்தி முடிவெடுக்க வேண்டும். பிறர் ஏவியதைக் கடத்திவிடும் அஞ்சற்காரராக அவர் இருக்க முடியாது. ஆகவே அந்நீக்கம் ஆணையே ஆகாது எனத் தீர்ப்பானது. ஆணையின் பொருளை அதன் சொற்களிலிருந்தே கொள்ள வேண்டும், ஆணையிட்டவர் பின்னாளில் வந்து தரும் விளக்கத்திலிருந்து கொள்ளலாகாது என்றும் நீதிமன்றம் கூறியது. பீகாரில் ஆலைகளுக்குரிய கரும்புப் பகுதிகளை ஆணையர் ஒருவர் முதலமைச்சரின் சொற்படி மாற்றியமைத்த வழக்கிலும் இதே நெறி நின்றது. அங்கு ஏவியவர் மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர்! ஆயினும் சட்டம் பெயர் சொன்னவர் ஆணையர். பெயர் சொல்லப்படாதவர், அவர் யாராயினும், அந்த மடையில் கை வைக்கலாகாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கே இவ்வளவு கட்டுப்பாடு எனில், வாக்கும் பதவியும் இல்லாதவர் ஏவலால் பிறந்த ஆணை எம்மட்டு?

ஆனால் ஏவலை மெய்ப்பிப்பது எப்படி? கோர்தன்தாசு வழக்கில் ஆணையரே கடிதத்தில் எழுதிவிட்டார். அத்தகைய வெள்ளையுள்ளம் எல்லாக் கோப்பிலும் வாய்க்காது. தொலைபேசியில் ஒரு சொல், விருந்தில் ஒரு தலையசைப்பு, அவ்வளவில் முடிந்துவிடும். இதற்காகவே, அமைச்சரவைச் செயலாளராக இருந்த டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற ஆட்சிப்பணியாளர் பலரும் தொடுத்த வழக்கு பெரும் மதிப்புடையது. 2013 அக்டோபர் 31-இல் உச்சநீதிமன்றம், வாய்மொழி ஏவலை மட்டும் நம்பி அரசு அலுவலர் செயற்படலாகாது, அத்தகைய ஏவலை எழுத்தில் பதிய வேண்டும் என்றது. பதிவு இல்லாவிடில் தகவல் பெறும் உரிமையே பொருளற்றுப் போகும் என்பதையும் அது சுட்டியது. இத்தீர்ப்பு நாளும் பின்பற்றப்பட்டால், வேறு பத்துச் சட்டங்கள் செய்யாததைச் செய்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. மறைகைக்கு ஒளி ஆகாது. தாளும் மையும் அதற்கு அதைவிட ஆகா.

தென்கொரிய நாட்டு நிகழ்ச்சி இதற்கு ஒளிமிக்க சான்று. குடியரசுத் தலைவர் பார்க் கியூன்-எவின் தோழி சோய் சூன்-சில் எந்த அரசுப் பதவியிலும் இல்லாதவர். தலைவர் ஆற்றவிருந்த உரைகளின் வரைவுகள் முன்கூட்டியே அவரிடம் சென்றன. பெருநிறுவனங்கள் அவர் தொடர்பான அறக்கட்டளைகளுக்குப் பணம் கொடுத்தன. 2016 அக்டோபரில் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் செய்தியாளர்கள் பெற்ற கைக்கணினியில் அவ்வரைவுகள் இருந்தன. திசம்பர் 9-இல் நாடாளுமன்றம் தலைவர் மீது குற்றத்தீர்மானம் நிறைவேற்றியது; 2017 மார்ச்சு 10-இல் அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதியரசரும் ஒருமுகமாக அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். தோழியைப் பதவி நீக்க முடியாது, பதவியே இல்லையே. ஆகவே, தமக்களித்த அதிகாரத்தைப் பிறர்க்குத் திறந்துவிட்டவரைச் சட்டம் பற்றியது. நம் நாட்டு அமைச்சர்களும் பதவியேற்கும்போது மறைகாப்பு உறுதிமொழி ஒன்று எடுக்கின்றனர்; தம் பணியில் அறியவரும் செய்தியை நேராகவோ சுற்றுவழியிலோ எவர்க்கும் வெளியிடேன் என்பது அதன் பொருள். சடங்காக எண்ணிக் கடந்து செல்லும் அவ்வுறுதிமொழி, பின்னிருந்து ஆள்பவருக்கு எதிரான முதல் கதவு. அக்கதவை இங்கு எவரும் தட்டிப் பார்ப்பதில்லையே என்று வருந்துகிறேன்.

பணத்தின் வழி வரும் ஈர்ப்பைப் பற்றி நெடுக எழுத வேண்டும்; இங்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனங்கள் கட்சிகளுக்குத் தரும் நன்கொடை, முந்தைய மூவாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் 7.5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற வரம்பு முன்பு இருந்தது. 2017-இல் அது நீக்கப்பட்டது. 2018-இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம் கொடுப்பவர் பெயரையும் மறைத்தது. 2024 பிப்ரவரி 15-இல் உச்சநீதிமன்றம் ஐவர் அமர்வில் இரண்டையும் செல்லாதனவாக்கி, பாரத அரசு வங்கியிடம் இருந்த விவரங்களை வெளியிடப் பணித்தது. வாங்கியவர் பட்டியலும் பணமாக்கிய கட்சிகளின் பட்டியலும் தனித்தனியே வந்தன. இரண்டையும் இணைக்கும் எண்ணெழுத்துக் குறிகள் மார்ச்சு 21-இல் வெளிவந்த பிறகே, யார் பணம் எக்கட்சிக்குச் சென்றது என்பது தெளிவானது. உழவர் வாய்க்காலோடு நடந்த நடை அது. இடைத்தரகர்க்கு வேறொரு சட்டமும் உண்டு: ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்ந்த 7அ பிரிவு, தம் தனிச் செல்வாக்கைக் காட்டி அரசு ஊழியரை வளைப்பதற்காகக் கைம்மாறு பெறும் எவரையும் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறையிடும். கைம்மாறு வாங்கினார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அதன் கடினமான பகுதி.

காலம் என்னும் கருவி மிக நுண்ணியது. ஆணையை மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். ஆணையைக் காலந்தாழ்த்துபவர் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2023 நவம்பர் 18-இல் பத்துச் சட்டமுன்வடிவுகளை இரண்டாம் முறை நிறைவேற்றி ஆளுநர்க்கு அனுப்பியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவர்க்கு ஒதுக்கிவைத்தார். 2025 ஏப்ரல் 8-இல் உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு அச்செயலைத் தவறெனக் கூறி, கால வரம்புகள் வகுத்து, பத்தும் ஒப்புதல் பெற்றனவாகக் கொள்ளப்படும் என்றது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் நவம்பர் 20-இல் ஐவர் அமர்வு, நீதிமன்றம் கால வரம்பு விதிக்க இயலாது, ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளும் முறைக்கும் இடமில்லை என்றது. காரணமின்றி நெடுங்காலம் வாளாவிருந்தால் முடிவெடுக்குமாறு மட்டும் பணிக்கலாம் என்று சிறு கதவு ஒன்றைத் திறந்து வைத்தது. மக்கள் தேர்ந்தெடுக்காத பதவியின் காலத்தாழ்வுக்கு அரசமைப்பிலேயே எண்ணிட்ட நாள் வரம்பு எழுதப்பட வேண்டும் என்பது என் துணிபு. நீதிமன்றம் எழுத முடியாததை நாடாளுமன்றம் எழுதலாம்.

ஆளுநரைப் பற்றிப் பேசுவோர், தம் ஊரின் நாற்காலியையும் பார்த்தல் வேண்டும். விருதுநகர் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 திசம்பர் இறுதியில்தான் நடந்தது. மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். தேர்வானோரின் காலம் 2025 சனவரி 5-இல் முடிய, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஐந்தாண்டு முடியுமுன்னே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243உ உறுப்பு. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடலாகாது என 2006-இலும் 2022-இலும் உச்சநீதிமன்றம் உரைத்திருக்கிறது. தனி அலுவலர் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் தெருக்குழாயில் நீர் வராதபோது வாக்கைக் காட்டிக் கேட்க வேண்டிய முகம் அவர் முகம் அன்று. கடமையைச் செய்யுமாறு பணிக்கும் செயலுறுத்தும் நீதிப்பேராணை இத்தகைய இடத்திற்கென்றே உள்ளது.

இவ்வளவும் சொல்லிய பின், ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமை. தேர்ந்தெடுக்கப்படாத செல்வாக்கு யாவும் தீயதன்று. நீதியரசரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை; கணக்குத் தணிக்கைத் தலைவரையும் தேர்ந்தெடுப்பதில்லை. மழைக்குறைவுக்கு இழப்பீடு கேட்டு உழவர் சங்கம் ஆட்சியரிடம் மனுக் கொடுப்பதும் செல்வாக்குத்தான். கண்மாய் தூர்ந்திருப்பதை ஆய்ந்து அறிஞர் அரசுக்கு எழுதுவதும் அதுவே. இவற்றில் பெயர் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, மறுத்துரைக்க வழி இருக்கிறது. யாராலும் அசைக்க முடியாத அரசு கொடுங்கோலாகிவிடும். ஆகவே சட்டம் செல்வாக்கை ஒழிக்க முனையாமல், அது பெயரோடும் எழுத்தோடும் வரும்படி செய்தல் வேண்டும். அமெரிக்காவில் அரசின் அறிவுரைக் குழுக்கள் கூட்டத்தை அறிவித்து, குறிப்புகளை வெளியிட வேண்டும் என்று 1972-இலேயே சட்டம் வந்தது. நம் நாட்டில் அரசை அணுகும் பெருவணிக முகவர் தம்மைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமே இல்லை. முறைகேட்டை வெளிப்படுத்துவோர்க்குக் காப்பளிக்கும் சட்டம் 2014 மே மாதத்தில் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது. வாய்க்காலோடு நடந்து ஈரத்தைக் காட்டியவர் இரவில் தனியே வீடு திரும்ப வேண்டியிருக்கிறது.

பாலவனத்தத்துக் குடிமகன் ஒருவர் இன்று என்ன செய்யலாம்? ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய கிராம சபையில் அமர்ந்து, வரவு செலவைப் படிக்கக் கேட்கலாம்; தம் கேள்வியைத் தீர்மான ஏட்டில் பதியச் சொல்லலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 உரூபாய் கட்டி, ஒப்பந்தம் யாருக்கு, எந்த நாளில், எவர் குறிப்பின் பேரில் கொடுக்கப்பட்டது என்று கோப்பின் படியைக் கேட்கலாம். 30 நாளுக்குள் விடை வர வேண்டும். ஒரு முடிவினால் தாக்குண்டவர்க்கு அம்முடிவின் காரணத்தைத் தாமே முன்வந்து சொல்ல வேண்டும் என்று அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு அலுவலகங்களைப் பணிக்கிறது. பலர் அறியாத உரிமை இன்னொன்றும் அதில் உண்டு: நடக்கும் பணியை நேரில் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். புதிதாய்ப் போட்ட தெருவின் தாரையும் சல்லியையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும் என்பது எவ்வளவு பெரிய அறிவியல் உரிமை! உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 சூலை 24 முதல் இருக்கிறது; சென்னைக்கு இரவெல்லாம் பயணம் செய்த காலம் போய்விட்டது. காலையில் அருப்புக்கோட்டையில் மதுரைப் பேருந்தில் ஏறுபவர், கோப்பின் படியையும் முத்திரையிட்ட தார்ப்பொதியையும் மடியில் வைத்துக்கொண்டு, அலுவலகம் திறக்கும் நேரத்தில் அங்கே இறங்கலாம்.